கழனித் தொட்டி

தன் மாடு செத்து இருபது நாளாகியும் வீராயி அக்கா காலை ஏழு மணிக்கு எங்கள் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தாள். கையை முழங்கை வரை கழனித் தொட்டிக்குள் விட்டுத் தோலையும் தழையையும் துழாவுவாள். தொட்டிக் கழனி அப்போது அடுத்த தெரு கண்ணையன் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "அதுவாச்சும் நல்லாருக்கட்டும்" என்றாள், யாரோ கேட்டதற்கு. அதைப் பார்த்தபடி எனக்குக் காபி இறங்காது.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டில் ஏழு குடித்தனம். சொந்தக்காரி ஜிஸ்லேன் மதாம், புருஷனின் பிரெஞ்சு பென்ஷனில் மாடியில் இருந்தாள். அவள் வைத்த சட்டம்: காய்த் தோலும் கழுநீரும் வீராயி மாட்டுக்கு, தொட்டியில். காகிதம், சாம்பல், கண்ணாடி எல்லாம் தகர டின்னில். குச்சியால் கிளறி, மாற்றிப் போட்டது யாரென்று கண்டுபிடிப்பதில் அவளிடம் போலீஸ்காரன் தோற்றான். ஒருநாள் தொட்டியில் ஒரு தீக்குச்சி மிதந்தது. என்னுடையதுதான். "மாடு தீக்குச்சி திங்குமா? உனக்கு மூள இருக்குதா செல்வாம்பா?" என்று அத்தனை பேர் எதிரில் கேட்டாள். குழாயடியில் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் பிள்ளைகளுக்கு நகம் வெட்டினேன். டின்னுக்குப் போகவேண்டிய நகக் காகிதத்தை, வீம்புக்கென்றே, தொட்டியில் வாழைப்பூ மடலுக்கு அடியில் திணித்தேன். நகம் வெட்டின பாதி பிளேடும் அதே மடிப்பில்தான் இருந்தது. சாயங்காலம் பென்சில் சீவத் தேடியபோதுதான் நினைவு வந்தது. ஓடினேன். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். வீராயி வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். சாணியோடு வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் மாடு தீனி எடுக்கவில்லை. பத்தாம் நாள் செத்தது. வயிற்றை அறுத்தவர்கள் பிளேடைக் கொண்டுவந்து காட்டினார்கள். மதாம் ஏழு வீட்டையும் முற்றத்தில் நிறுத்திக் கேட்டபோது, எல்லாரையும் போல நானும் உதட்டைப் பிதுக்கினேன்.

அதற்கப்புறம் அரிசி களைந்தாலும், புளி கரைத்தாலும், மகளுக்குத் தலை வாரினாலும், விரலில் ஏதோ கூராகத் தட்டுப்பட்டது. பார்த்தால் ஒன்றும் இருக்காது.

மாடு செத்த இருபத்தோராம் நாள் என் வாளியோடு தொட்டியருகே போய் நின்றேன். வீராயியின் கை உள்ளே இருந்தது.

"அது எங்க வூட்டு பிளேடுக்கா."

கை நின்றது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"செனையா இருந்திச்சு" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். மதாமிடம் சொல்லுவாள், இன்றே சாமான் கட்டவேண்டும் என்று நாளெல்லாம் காத்திருந்தேன். மாடியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

மறுநாளும் ஏழு மணிக்கு வந்தாள். தொட்டிப் பக்கம் போகவில்லை. நேரே என் வாசலுக்கு வந்து என் வாளிக்குள் கையை விட்டாள். அடிவரைக்கும் துழாவினாள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கழுநீர் சொட்டச் சொட்டக் கையை வெளியே எடுத்தாள். ஐந்து விரலையும் விரித்து, வெறும் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினாள்.