அட்டை தனி, தாள் தனி

உலகத்து அறிவெல்லாம் கிலோ பன்னிரண்டு ரூபாய்தான். அட்டையையும் ஸ்டேப்ளர் பின்னையும் கழற்றித் தாளை மட்டும் கொடுத்தால் பதினான்கு. பழைய பேப்பர் கடையில் நாள் முழுக்க அம்மாக்காரிக்கு இந்தக் கழற்றும் வேலைதான். பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்து வளர்ந்தாள் நாலு வயது மகள். காகிதக் கட்டுகளுக்கு நடுவே தூங்குவதால் கடைக்காரர் வைத்த பெயர் பொட்டலம்.

இன்று பொட்டலத்துக்குப் பரீட்சை. மூன்று தெரு தள்ளியிருக்கும் மழலையர் பள்ளியில் இலவச இடத்துக்காக. முப்பதுக்கு இருபது எடுத்தால் கிடைக்கும். இல்லையென்றால் கடைதான் பள்ளி, தராசுதான் கரும்பலகை. கேள்வித்தாள் கடல் தாண்டி வந்தது. நாற்பது நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை.

பரீட்சை வைக்க வீட்டுக்கே வந்த மேடம் பாயில் உட்கார்ந்தார். பெயர், நிறம், நொண்டியடிப்பது என்று மூன்றிலும் சேர்த்துக் கடகடவென்று பதினான்கு மார்க். பாத்திரம் கழுவும் மெஷின் படத்தில் சறுக்கியது.

"இது என்ன கண்ணு?"

"அலமாரி."

"எங்க வீட்டுல பாத்திரம் கழுவுறது இவ அப்பா, மேடம். அவர் படத்தக் காட்டியிருந்தா டக்குனு சொல்லியிருப்பா" என்றாள் அம்மாக்காரி.

மேடம் சிரிக்காமல் சைபர் போட்டார். மீதி இரண்டு கேள்வி, ஐந்தைந்து மார்க். அம்மாக்காரி விரல்விட்டு எண்ணினாள்: இன்னும் ஆறு வேண்டும்.

மேடம் பளபளவென்ற படப்புத்தகத்தைத் தலைகீழாக நீட்டினார். நேராகப் பிடித்துத் திறக்கிறாளா என்று பார்க்கத்தான். பொட்டலம் வாங்கிய வேகத்தில் அட்டையைச் சர்ரென்று உரித்தாள். பின்னை நகத்தால் நெம்பினாள். தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வெள்ளை ஒரு பக்கம், வண்ணம் ஒரு பக்கம், அட்டை தனி.

"முடிஞ்சுதும்மா. எடை போடு."

"ஐயையோ, இருக்கிறதே ஒரு புத்தகம்! இன்னும் ஆறு வீட்டுக்குப் போகணும்!" என்று மேடம் தலையில் கை வைத்தார்.

அடிக்கக் கை ஓங்கிய அம்மாக்காரி, அதற்கும் மார்க் குறைப்பார்களோ என்று கையை மடக்கிக்கொண்டாள்.

"கடைசிக் கேள்வி என்ன மேடம்?"

"கலந்து கிடக்கிறத வகை பிரிக்கணும்."

"அதத்தான் பிரிச்சு வச்சிருக்காளே!"

மேடம் மூன்று குவியலையும் பார்த்தார். பேனாவால் ஐந்து போட்டார்.

"பத்தொம்பது. ஒண்ணு குறையுதும்மா."

"புஸ்தகத்துக்கு என்னென்ன போட்டிருக்குன்னு வாசிங்களேன்."

"நேரா பிடிக்கணும், திறக்கணும்... தாள ஒண்ணு ஒண்ணா, வரிசையாப் புரட்டினா ஒரு மார்க்."

"ஒரு தாளாச்சும் தாண்டினாளா?"

"கிழிச்சுட்டாளேம்மா!"

"கிழிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

மேடம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இல்லை. நாற்பது நாட்டில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. கைப்பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தார்.

"போடுறேன். கேள்வித்தாள் அனுப்பினவங்க அழிக்காம இருக்கணும். பதில் வர ஒரு மாசம் ஆகும்."

"கொஞ்சம் அழுத்தி எழுதுங்க மேடம்."

பேனாவில் பத்தொன்பது, பென்சிலில் ஒன்று. மேடத்துக்குத் தர வேண்டிய பாக்கி, புத்தகம் ஒன்று.