மாலுமி திரும்பி வந்தது தவறு என்போருக்கான படிவம்

எங்கள் வார்டில் 'தூரத்துக் கலம்' தொடரைப் பற்றி யாரும் தன்னந்தனியாக ஒரு கருத்து வைத்துக்கொள்ள முடியாது. ஊரோடு ஒத்துப்போகாத கருத்து என்றால் ரசிகர் மன்றத்தில் பதிய வேண்டும். அதே கருத்துள்ள இன்னொருவர் சாட்சியாகப் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும்.

தொடர் முப்பத்தொரு வருடமாக ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வருகிறது. ஒரு விண்கலம் பூமியைத் தேடிப் போகிறது. இன்னும் கிடைக்கவில்லை. வருடத்துக்கு ஒரு பருவம். தொடரில் நடப்பது ரசிகர்களுக்குப் பிடித்துவிட்டால் வார்டிலும் நடக்கும். ஒன்பதாம் பருவத்தில் கலத்தின் சமையலறையில் புவியீர்ப்பு நின்றது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. இரண்டு வாரம் இட்லிப் பானையை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்துத்தான் சமைத்தேன்.

கருத்தைப் பதியாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேல்வீட்டுக் காளியண்ணன் இருக்கிறார். தொடர் இரண்டாம் பருவத்தோடு நின்றிருக்க வேண்டும் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாட்சி கிடைக்கவில்லை. போன தையில் மாடி ஏறும்போது ஏழாவது படியில் நின்றுவிட்டார். கண் திறந்திருக்கிறது. கையில் கத்தரிக்காய்ப் பை இருந்தது. அதை மட்டும் அவர் மனைவி வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறோம்.

என் கருத்து இதுதான். முப்பதாம் பருவத்தில் செத்த மாலுமியை முப்பத்தொன்றில் திரும்பக் கொண்டுவந்தது தவறு. திரும்பி வந்தது அவர் அல்ல.

இதை எங்கள் வார்டில் வாய் திறந்து சொல்ல முடியாது. மாலுமி திரும்பி வந்த அன்று தேர்முட்டியில் நாற்பதடி விண்கலக் கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்தார்கள். ஏணி போதாமல் தீயணைப்பு வண்டி வந்தது. அந்த வாரமே, அந்த வருடம் செத்த வார்டுக்காரர்கள் பதினோரு பேரும் வீடு திரும்பினார்கள். என் தம்பி பரமகுருவும் வந்தான். ஆடியில் செத்தவன் ஐப்பசியில் வந்தான். செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, "தண்ணி குடுக்கா" என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொம்பு கை நழுவி இரண்டு தடவை விழுந்தது.

பரமகுருவும் நானும் முதல் பருவத்திலிருந்து ஒன்றாகப் பார்த்தவர்கள். ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. பன்னிரண்டாம் பருவத்தை ஊரே கரித்துக்கொட்டும். கலம் பழுதாகி, பருவம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். அதுதான் உச்சம் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்பான். சமையல்கார ரோபோ அழுதபோது நான் முந்தானையை நனைத்தேன். அது அழுகை இல்லை, எண்ணெய்க் கசிவு என்றான். அவன் படிக்கட்டில் நின்றுவிடக் கூடாதே என்று அவனுடைய அத்தனை கருத்துக்கும் நான்தான் பச்சை மையில் பொய்ச் சாட்சி போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வோம்.

திரும்பி வந்தவனிடம் முதல் ஞாயிறே, பன்னிரண்டாம் பருவம் சுத்தக் குப்பை என்றேன்.

"ஆமாக்கா" என்றான்.

கொஞ்சம் பொறுத்து, பன்னிரண்டுதான் உச்சம் என்றேன். அதற்கும் ஆமாம் என்றான். கண் டிவியில் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் நல்ல பதமான சாதத்தைப் போட்டுவிட்டுக் குழைந்துபோச்சு என்றேன். அவன் விரல் பட்டதும் சாதம் குழைந்தது.

மற்ற பத்து வீட்டிலும் இப்படித்தானாம். அவர்களுக்கு அதுவே வசதியாக இருக்கிறது. எதிர்வீட்டுச் சுகுணா தன் மாமியார் உயிரோடு இருந்தபோது பட்ட பாட்டை எல்லாம் சொல்லி, இப்போதுதான் அத்தை அத்தை மாதிரி இருக்கிறார் என்றாள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

புதன்கிழமை என் இடது கால் வாசற்படியில் கொஞ்ச நேரம் வரவில்லை. கையால் தூக்கி வைத்தேன். இனிமேல் தள்ளிப்போட முடியாது. மன்றத்துக்குக் கிளம்பினேன். பரமகுருவையும் வா என்றேன். வந்தான்.

மன்றம் பழைய கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. உள்ளே ஒரு நடை. நடக்க நடக்க அது நீண்டது. கருத்து எவ்வளவு தனியாக இருக்கிறதோ, நடையும் அவ்வளவு நீளம். தொடரின் பாட்டு நீளம் என்று பதிய வந்த ஒருவருக்கு எட்டே எட்டு அடி வைத்ததும் ஜன்னல் வந்துவிட்டது. நாங்கள் காலை பத்து மணிக்கு நுழைந்தோம். ஜன்னலுக்கு வரும்போது மூன்று மணி.

ஜன்னலுக்குப் பின்னால் வார்டு செயலாளர் பொன்னரசு இருந்தார். அவருக்குப் பின்னால் தடித்த பேரேடுகள் கூரை வரை இருந்தன. படிவத்தை வாங்கிப் படித்தார். இதே கருத்துள்ளவர் வேறு யாரும் வார்டில் இல்லை என்றார். தேடிப் பார்க்கவில்லை. தெரிந்திருந்தது.

பிறகு என் தம்பியைப் பார்த்தார்.

"இவர் சாட்சி போடலாமுங்க. பேரேட்டுல பேரைத் திரும்ப ஏத்தியாச்சு."

"போட்டா என்ன ஆகும்?"

"கருத்து செல்லும். உங்க கால் நல்லாயிரும். இவர் போயிரோணும்."

"போடாட்டி?"

"இல்லைன்னு அவரே சொல்லிட்டாருன்னா கருத்து தள்ளுபடி. திரும்பி வந்தவர் அவரேதான்னு ஆயிருமுங்க. அப்பவும் உங்க கால் நல்லாயிரும். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போலாம்."

எனக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு தடவை அவன் மறுத்தால் போதும். நாற்பது வருடமாக அவன் செய்தது அது ஒன்றுதான். படிவத்தை அவன் கையில் கொடுத்தேன். என் முகத்தைப் படித்துவிடுவான் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் நிதானமாகப் படித்தான். 'திரும்பி வந்தது அவர் அல்ல' என்ற வரியில் விரலை வைத்தான். விரல் அங்கேயே இருந்தது. உதட்டைக் கடித்தான். சண்டைக்கு வரும் முன் பரமகுரு அப்படித்தான் கடிப்பான். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கேக்கா" என்றான்.

பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். அழகான கையெழுத்து. பரமகுருவின் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரே ஒரு தடவ இல்லைன்னு சொல்லுடா."

"சரிக்கா" என்றான். "இல்லை."

அது செல்லாது என்று பொன்னரசு சொன்னார். வெடுக்கென்று சொல்லவில்லை. இந்த ஜன்னலில் அவர் நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போலிருந்தது. படிவத்தைக் கொடுத்துவிடட்டுமா என்று தம்பியிடம் கேட்டேன். கொடு என்றான். கிழித்துவிடட்டுமா என்றேன். கிழி என்றான். அவன் இருப்பதும் போவதும்தான் அதில் எழுதியிருந்தது. அதிலும் அவனுக்கென்று ஒரு விருப்பம் இல்லை. அந்த இடத்தில் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. படிவத்தை உள்ளே தள்ளினேன்.

பொன்னரசு முத்திரை குத்தினார். இடது கால் விறுவிறுவென்று உயிர் வந்து குத்தியது.

"இப்ப நீங்கதானுங்க அனுப்போணும்" என்றார். "போ அப்படின்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். கூட 'வா'ன்னு சேர்த்துறாதீங்க. சேர்த்தா திரும்ப வந்துருவாங்க. பக்கத்து வார்டுல செத்துத் திரும்பின ஒரு அம்மா இப்படித்தான் மூணு தடவ வந்துட்டுப் போனாங்க."

வீட்டிலிருந்து கிளம்புகிறவரைப் பார்த்துப் போ என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சனியனே என்று திட்டினாலும் போயிட்டு வா என்றுதான் சொல்வேன். பரமகுரு மட்டும் என்னைச் சீண்டுவதற்கென்றே, போறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையிலும் அப்படித்தான் சொன்னான். நான் கோபத்தில் பதில் சொல்லவில்லை.

இவன் நடையில் நான்கு அடி வைத்துத் திரும்பினான். நடை இப்போது குட்டையாக இருந்தது. கடைசியில் வெயில் தெரிந்தது.

"போயிட்டு வர்றேன்க்கா" என்றான்.

பரமகுரு சொல்லியிருக்கவே மாட்டான். இவன் அவன் இல்லை. கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆகிவிட்டது. நான் வாயைத் திறந்தேன்.

"பாத்துப் போயிட்டு வாடா."

பொன்னரசு பேனாவைக் கீழே வைத்தார்.

"சரிக்கா" என்றான் அவன். தலையை ஆட்டிவிட்டு வெயிலுக்குள் போனான்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கு அரிசி களைந்தேன்.