அத்தை ஜாடை

அண்ணனின் இதயத் தசை செல்கள் முதன்முதலாகத் துடித்த காலையில், அவள் ஆய்வகத்திலிருந்தே அவனுக்குப் போன் செய்தாள்.

“உன்னோடது அடிக்க ஆரம்பிச்சிருச்சுண்ணா.”

“ஒழுங்கா அடிக்குதா?”

“எங்க? உன்னை மாதிரியே சோம்பேறி.”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பேருந்து ஓட்டுநராக இருந்தவன். இதயம் வீங்கித் தளர்ந்த பிறகு, இனி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணன் தங்கை இருவரின் அப்பாவும் ஏறக்குறைய இதே வயதில், துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், கையில் ஈரச் சட்டையோடு அப்படியே சரிந்து போனவர்தான். பரம்பரைக் குறை என்று புரிந்தது. எந்த மரபணுவில் என்பதுதான் எந்தப் பரிசோதனையிலும் சிக்கவில்லை.

அவள் வேலை பார்த்த ஆய்வகம் இப்படிப்பட்ட குடும்பங்களைத்தான் ஆராய்ந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, எதுவாகவும் மாறக்கூடிய கரு நிலைக்குத் திருப்பி, அங்கிருந்து இதயத் தசையாக வளர்ப்பார்கள். கண்ணாடித் தட்டின் அடியில் பாலாடை போலப் படர்ந்து, ஒருநாள் அவை தாமாகவே துடிக்கத் தொடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே குடும்பத்தில் நோயில்லாத ஒருவரின் செல்களும் வேண்டும். அதற்கு அவள் தன் ரத்தத்தைக் கொடுத்தாள். அவளுடைய ஸ்கேன் முன்பே சுத்தம் என்று வந்திருந்தது. பேராசிரியை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இரண்டு தட்டுகளையும் அவள் வளர்க்கலாம், அளந்து முடிவு சொல்வது வேறொருவர். அந்த வேலை ரேடியோவுக்குப் போயிற்று. வாய் ஓயாமல் பேசும் சக ஆய்வாளருக்கு அங்கே எல்லோரும் வைத்திருந்த பெயர் அது.

ஞாயிறுதோறும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போவாள். ஜன்னலோரம் நாற்காலியில், வீங்கிய கால்களை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருப்பான். தன் செல்களைப் பற்றி அதிகம் கேட்க மாட்டான். “உன்னோடது எப்படி?” என்பான். நன்றாக இருக்கிறது என்றால் முகம் தெளியும்.

காரணம் அவன் மகள்.

“அத்தையை அப்படியே உரிச்சு வச்சிருக்கா பாரு. மூக்கு, முழி, பிடிவாதம், எல்லாம். அவளுக்கு உன் ரத்தம்தான் ஓடுது. எனக்கு அது போதும்.”

குட்டிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம், இந்த ஜாடையைக் காட்டியே தட்டிக்கழித்தான். அவளும் வற்புறுத்தவில்லை.

பிறகு ஒருநாள் ரேடியோ பேச்சை நிறுத்தினாள். மதியம் சாப்பிடும்போதும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னடி, யாராவது ஒயரைப் புடுங்கிட்டாங்களா?”

ரேடியோவின் கண்கள் கலங்கின. “நீ வந்து ஒரு தடவை பாரேன்.”

இதயச் செல்லுக்குள் இழைகள் சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒரே திசையில் நிற்க வேண்டும். எல்லாம் சேர்ந்து சுருங்கினால்தான் செல்லால் இழுக்க முடியும். அண்ணனின் செல்களில் அவை சிக்குப் பிடித்த தலைமுடி போலக் கிடந்தன. அவளுடைய செல்களில் அவ்வளவு மோசமில்லை. நடுவே வரிசையாகத்தான் இருந்தன. ஓரங்களில் கலையத் தொடங்கியிருந்தன.

“தட்டு மாறிப் போயிருக்கும்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். மறுபடி ரத்தத்துலேர்ந்து ஆரம்பிச்சுப் பார்த்தாச்சு. அதே கதைதான்.”

பேராசிரியை கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “தட்டுல தெரியறதெல்லாம் உடம்புல வந்தே ஆகணும்னு இல்லம்மா. ஆனா நீ இன்னும் நுணுக்கமா ஒரு ஸ்கேன் எடுத்துக்கோ.”

எடுத்தாள். அதே நோயின் ஆரம்பம் என்றார் மருத்துவர். மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு கடை வாசலில் நின்று, எதற்கு நின்றோம் என்று தெரியாமல் வெகுநேரம் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றிய பயம்கூட அப்போது பெரிதாக எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்பானே என்பதுதான் மனதில் ஓடியது.

கேட்டான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது குட்டி, குதித்த களைப்பில் மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்து, அப்பாவின் நாற்காலிக் கையில் சாய்ந்து நின்றாள். குட்டி வெளியே போகும்வரை காத்திருந்து உண்மையைச் சொன்னாள்.

அண்ணன் முக்காலியிலிருந்து கால்களை இறக்கினான்.

“உனக்குமா?” என்றான். அப்புறம், “அப்போ குட்டி?”

“தெரியாதுண்ணா. அதனாலதான் பார்த்துடலாம்கிறேன்.”

“ஏன் சொன்ன? நான் போனப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று கிளம்பும்போது வழக்கமாகச் சொல்லும் ‘பார்த்துப் போ’கூடச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மருத்துவமனைக்குத் தானே போன் போட்டு, மகளுக்கு நாள் குறித்துவிட்டான்.

அந்த நாள் வருவதற்குள் அவன் போய்விட்டான். பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் குளியலறையிலேயே விழுந்திருந்தான்.

வந்தவர்கள் எல்லோரும் கலைந்த பிறகு, அண்ணி அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

“எம்பொண்ணு தப்பிச்சுட்டான்னு ஒரு நிம்மதிதான் அவருக்கு மிச்சம் இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டியே. அப்புறம் ஒருநாள்கூட அவர் கண்ணை மூடித் தூங்கலை.”

“அண்ணி...”

“போ. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத.”

அதன்பின் அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையிலேயே கிடந்தாள். அண்ணன் குறித்த நாளும் கடந்துபோனது. ஆய்வகத்தில் அவளுடைய தட்டை ‘நலமானது’ என்ற வரிசையிலிருந்து எடுத்து அண்ணனுடையதற்குப் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டுக்கும் அவளே உணவுக் கரைசல் மாற்றினாள். தான் செய்கிறேன் என்று ரேடியோ சொல்லியும் விடவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு அண்ணி போன் செய்தாள்.

“குட்டி படியேறும்போதெல்லாம் அவ மூச்சை எண்ணிக்கிட்டே நிக்கிறேன். பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்கு. கூட வா.”

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவே இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கதவு திறந்தது. “இப்போதைக்கு ஒண்ணும் இல்ல,” என்றார் மருத்துவர்.

“அத்தை, நெஞ்சுல என்னமோ தடவிட்டாங்க, பிசுபிசுங்குது,” என்று குட்டி முகம் சுளித்தாள். அத்தை தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

“இப்போதைக்குன்னா?” என்றாள் அண்ணி.

“அடுத்த வருஷம் மறுபடி பார்க்கணும் அண்ணி.”

“அதுக்கு அடுத்த வருஷம்?”

“அப்பவும்தான் அண்ணி.”

அண்ணி மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னாள்: “இனிமே நீயே கூட்டிட்டு வா. அந்தக் கதவு முன்னாடி என்னால உக்கார முடியல.”

சரி என்று தலையாட்டினாள். இன்னும் எத்தனை வருடங்கள் தன்னால் கூட்டிவர முடியும் என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.