சின்ன கத்திரி தெரிந்த கண்ணாடி

தம்பி வெளிநாடு போன மறு வருஷம், ஒரு வியாழக்கிழமை மதியம், பெரிய கத்திரியின் சலூன் கண்ணாடி எதிரே இருப்பவர்களைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, தம்பி வேலை செய்யும் கடையைக் காட்டத் தொடங்கியது. அப்போது நாற்காலியில் தபால்காரர் பாதித் தாடியுடன் உட்கார்ந்திருந்தார். தன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் செம்பட்டை முடியோடு யாரோ ஒருவர் இருப்பதைப் பார்த்து, கண்ணில் தெறித்திருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். செம்பட்டை முடிக்காரருக்குப் பின்னால் தம்பி சின்ன கத்திரி கறுப்பு ஏப்ரன் கட்டி, கையில் சீப்போடு நின்றுகொண்டிருந்தான். "உங்க தம்பி கலராயிட்டாரு" என்று மட்டும் தபால்காரர் சொன்னார். மீதித் தாடியையும் மழித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிக் கடைக்காரர் வந்து ஒரு மூலையில் பின்பக்க ரசப்பூச்சைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சரக்கில் குறை இல்லை என்றார். பெரிய கத்திரியின் மனம் திருப்திப்படட்டும் என்று புதுக் கண்ணாடி ஒன்றையும் மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் சாயங்காலத்துக்குள் தம்பியின் கடையையே காட்டியது. பழையதையே திரும்ப மாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பெரிய கத்திரி என்பதும் சின்ன கத்திரி என்பதும் தெரு வைத்த பெயர்கள். அப்பா விட்டுப்போன கடையில் அண்ணனும் தம்பியும் இரண்டு நாற்காலி போட்டு வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், வெளிநாட்டுச் சலூன் ஒன்றுக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்தார். எடுப்பது ஒரே ஆள்தான் என்று சொல்லி, தன் தலையில் இடது பாதியை அண்ணனிடமும் வலது பாதியைத் தம்பியிடமும் கொடுத்தார். பெரிய கத்திரி தலையில் கை வைத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வந்தவருக்குச் சொந்த ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, மூத்தவள் என்ன படிக்கிறாள், இந்த வயதில் ஏன் இவ்வளவு நரை என்று வெட்டி முடிப்பதற்குள் மொத்தக் குடும்பத்தையும் விசாரித்துவிட்டார். தம்பிக்கு அன்றைக்குக் கடைவாய்ப்பல்லில் வலி, வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு பாதியிலும் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் அங்கே தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் பிடிக்காது என்று சொல்லி, வந்தவர் தம்பியைப் பொறுக்கிக்கொண்டு போனார். அவன் திறமையால் போகவில்லை, பல்வலியால் போனான் என்று பெரிய கத்திரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி போன் செய்தால் கையில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவார். இப்போது அதே தம்பி நாள் பூராவும் எதிரிலேயே நிற்க ஆரம்பித்துவிட்டான்.

அந்த ஊரில் விடிவதற்கு இங்கே உச்சிவேளை ஆகிவிடும். அதுவரை கண்ணாடியில் பூட்டிய கடைதான் தெரியும். சத்தமும் வராது, படம் மட்டும்தான். மதியம் விளக்கு எரிந்ததும் பெஞ்சு நிரம்பிவிடும். காலையில் பெரிய கத்திரி ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். சொந்த முகம் தெரியாத கண்ணாடி எதற்கு என்று முதலில் முனகியவர்கள், முடி வளராமலே வந்து உட்கார்ந்தார்கள். தம்பியின் கடைக்கு வெளியே அகலமான கண்ணாடிக் கதவு, கதவுக்கு அப்பால் தெரு. ஒரு வண்டியும் வராத சாலையில், விளக்கு மாறும்வரை ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்து நிற்பார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், அந்த ஊர் பஸ் வாசல் பக்கம் தாழ்ந்து சக்கர நாற்காலிக்காரரை ஏற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. கடை வாசலில் குடைகளைச் சொருகி வைக்க ஒரு டப்பா இருந்தது. அதிலிருந்து அவரவர் குடையை மட்டும் அவரவர் எடுத்துப் போவதைப் பெஞ்சே மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நல்ல குடையாக ஒன்றை எடுத்துப்போக இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடவா தோன்றாது என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். கொடுத்து வைத்தவன் உன் தம்பி என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். அந்த ஒரு வார்த்தை பெரிய கத்திரிக்கு அடிவயிற்றில் போய் எரியும்.

எதற்கெல்லாம் எரியும் என்று கணக்கில்லை. தம்பிக்கு ஒரு நேரத்தில் ஒரே தலைதான். அது போன பிறகுதான் அடுத்தது, அதுவும் சொன்ன நேரத்துக்கு. வருகிறவர்கள் மேலங்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி இருப்பார்கள். தங்கள் முகத்தின் மேல் இந்த ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு ஆசையா என்று பெரிய கத்திரி நினைத்துக்கொள்வார். வாரம் தவறாமல் மொட்டைக் கிழவர் ஒருவர் வருவார். காதோரம் பூனை முடி தவிர வெட்ட ஒன்றும் கிடையாது. தம்பி அந்த ஒன்றுமில்லாததைச் சீவி, வெட்டி, துடைத்துவிடுவான். கிழவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். மொட்டைத் தலையிலும் பிழைப்பு நடக்கிற ஊர் என்று பெரிய கத்திரி பொருமினார். வீட்டில் இன்னும் மோசம். மத்தியானம் சாப்பாட்டைக் கொண்டு வருகிற அவர் மனைவி, கொழுந்தனைப் பார்க்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிடுவாள். "பாருங்க, ஒவ்வொரு தலை முடிஞ்சதும் அவரே பெருக்கிடுறாரு. இங்க முடி கணுக்கால் வரைக்கும் கிடக்குது" என்றாள் ஒரு நாள். பெரிய கத்திரி சோற்றுப் பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். ஆனால் அவளுக்குத் தெரியாமல், கண்ணாடியைப் பார்த்து முறைத்தார்.

பிறகு அவரும் தம்பியைப் போலச் செய்யத் தொடங்கினார். முதலில் கொக்கிகள் அடித்தார். மேலங்கி போடுகிற ஆள் தெருவிலேயே இல்லாததால் அதில் காய்கறிப் பைகள் தொங்கின. அடுத்து, நேரம் சொல்லித்தான் வர வேண்டும் என்றார். பத்து மணிக்கு வரச் சொன்னவர் வரமாட்டார், தனக்குப் பதிலாக மச்சானை அனுப்புவார், மச்சான் கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டுக்கு வருவான். கடைசியில், கடைக்குள் பேச்சு கூடாது என்று சட்டம் போட்டார். அதுதான் அவருக்கே பெரிய தண்டனை. கேட்க வந்த கேள்வியெல்லாம் தொண்டையில் நிற்க, கன்னத்தை உப்பிக்கொண்டு வெட்டினார். உள்ளே யாராவது தவறிவிட்டார்களா என்று தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்படி இருக்கையில்தான் மாமனார் மீசையைத் திருத்திக்கொள்ள வந்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மீசையைக் காதருகே கொண்டுபோய்ச் சேர்க்க அவருக்குப் பாதி ஆயுள் ஆயிற்று. நுனியை மட்டும் ஒதுக்குங்க மாப்பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடியில் அதே நேரம் தம்பி ஒருவருக்கு மேலுதட்டில் நுரை பூசிக்கொண்டிருந்தான். அவன் கை போகிற பதவிசைப் பார்க்கப் பார்க்கப் பெரிய கத்திரிக்குத் தாங்கவில்லை. தொழில் கற்றுக்கொடுத்தது யார்? கத்தியைப் பிடிக்கச் சொல்லித் தந்தது யார்? அவன் நுரை பூசினால் இவரும் பூசினார். அவன் கத்தியை எடுத்தால் இவரும் எடுத்தார். அவனைவிட ஒரு இழுப்பு குறைவாக முடித்துக்காட்ட வேண்டும் என்ற ஒரே வெறியில், மாமனாரின் இடது மீசையை மூக்கடியிலிருந்து காதுவரை சுத்தமாக வழித்து எடுத்துவிட்டார். கண்ணாடி சொந்த முகத்தைக் காட்டாததால் மாமனாருக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் முறுக்கப் போனபோது முறுக்க ஒன்றும் அகப்படவில்லை. அவர் கத்தவில்லை. மெல்ல எழுந்து, "இத உம் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லிடு" என்றார். பெரிய கத்திரி பதறிப்போய்த் தலையை நிமிர்த்தினார். எதிரே கண்ணாடியில் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆளும் உதட்டு நுரையோடு மாமனாரைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார்.

அங்கேயும் கண்ணாடி இப்படித்தான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. கொக்கி அடித்தது, கன்னத்தை உப்பிக்கொண்டு வெட்டியது, துடைப்பத்தோடு நின்று முறைத்தது எல்லாவற்றையும் தம்பி பார்த்திருக்கிறான். பெரிய கத்திரிக்கு மானம் போனது. கட்டில் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கண்ணாடியை மூடி, நான்கு மூலையிலும் ஆணி அடித்தார். மனைவி ஒரு வாரம் சாப்பாடு கொண்டுவரவில்லை. பெஞ்சும் காலியானது. விரிப்பில் அச்சடித்திருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டு முடி வெட்டிக்கொள்ள யார் வருவார்கள்? பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ தம்பி போன் செய்தான். வேலை இல்லை என்பதால் பெரிய கத்திரிக்கு அதை எடுப்பதைத் தவிர வழியில்லை.

"அண்ணா, அந்தத் துணிய எடு."

"எதுக்கு? உக்காந்து சிரிக்கவா?"

"மாமா மீசைக்கு யாருதான் சிரிக்க மாட்டா? எடுண்ணா. இங்க வர்றவங்க எனக்காக வரல. அங்க ஒரு பேப்பர நாலு பேரு பிரிச்சு வச்சுப் படிக்கிறீங்களே, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சுகிட்டு, அதப் பாக்கத்தான் வர்றாங்க. அந்த மொட்டத் தாத்தாவுக்கு வீட்ல பேச ஆளே கிடையாது. இப்ப துணியப் பாத்துட்டு, கடைய மூடுற வரைக்கும் உக்காந்திருக்காரு. இத்தன நாள்ல என் மூஞ்சிய ஒருத்தரும் நிமிந்து பாக்கல. உன்னத்தான் கேக்குறாங்க."

அவன் குரலில் இருந்தது என்ன என்று பெரிய கத்திரிக்கு உடனே புரிந்தது. அந்தச் சரக்கு அவரிடம் ஏராளமாக இருந்ததுதானே. அன்றைக்கே ஆணிகளைப் பிடுங்கினார். பேசக் கூடாது என்ற சட்டத்தையும் எடுத்துவிட்டார். தம்பி நம்மைப் பார்த்து வயிறெரிகிறான் என்ற நினைப்பே அவருக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. பெஞ்சுக்காரர்கள் குளித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டு வரத் தொடங்கினார்கள். கண்டக்டர் மொட்டைக் கிழவருக்குக் கை ஆட்டுவார். கிழவர் எழுந்து நின்று பதிலுக்கு ஆட்டுவார். இப்படிச் சில வருஷங்கள் போயின. மாமனாருக்கு மீசை திரும்ப வளர்ந்தது, இடது பக்கம் மட்டும் நரையாக.

பிறகு தம்பி விடுமுறையில் வந்தான். முதல் இரண்டு நாள் அவன் வாயிலிருந்து "அங்க" என்ற சொல்லைத் தவிர வேறு வரவில்லை. அங்க ஹாரனே அடிக்க மாட்டாங்க, அங்க குப்பைக்கு மூணு தொட்டி, அங்க பக்கத்து வீட்டுக்குப் போறதா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் போவாங்க. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மூன்றாம் நாள் மதியம் அவன் கடைக்கு வந்து பெஞ்சில் கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடியில் விளக்கு எரிந்தது. அவனுக்குப் பதிலாக வேறு ஒரு இளைஞன் அங்கே நின்றான். அதற்குப் பிறகு தம்பி கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினான். என் கத்திரிய எடுத்துட்டான் என்றான். சீப்ப எங்க வைக்கிறான் பாரு என்றான். மொட்டைக் கிழவர் வந்து அந்த இளைஞனிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்தபோது தம்பியின் முகம் சுண்டிப்போனது. மறுநாளும் வந்தான், அடுத்த நாளும் வந்தான். பெஞ்சிலேயே உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய கத்திரி அவனைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்த ஊர் இவனுக்குக் கிடைத்ததே என்று அவருக்கு எரிந்தது. இப்போது இவன் அந்த ஊருக்குக் கிடைத்துவிட்டானே என்று எரிந்தது. முன்னதைவிட இது அதிகமாக வலித்தது, எங்கே வலிக்கிறது என்றும் சொல்லத் தெரியவில்லை. தன் கூடப் பிறந்தவன் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் கண்ணாடியில் நின்றபோது இருந்த அளவுகூடப் பக்கத்தில் இல்லை.

வெளிநாட்டுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் தம்பி முடி வெட்டிக்கொள்ள நாற்காலியில் ஏறினான். பெரிய கத்திரி துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டார். பிறகு நாற்காலியைப் பிடித்து, கண்ணாடிக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்க்கிற மாதிரி திருப்பினார்.

"என்னண்ணா?"

"இந்தப் பக்கம் பாருடா, கொஞ்ச நேரம். நாளையிலிருந்து அங்கதான பாக்கப் போற."

தெருவில் ஒரு பஸ் கூட்டம் தாங்காமல் சாய்ந்தபடி போனது. ஒரு அம்மாள் கையைக் காட்டியே வண்டிகளை நிறுத்திச் சாலையைக் கடந்தாள். பெரிய கத்திரி வெட்டிக்கொண்டே கேட்டார். அறையில் கூட யார் இருக்கிறார்கள், இரவில் என்ன சாப்பிடுகிறாய், குளிருக்கு மூட்டு வலிக்கிறதா, இந்த வயதில் ஏன் இவ்வளவு நரை. முதலில் தம்பி ஒற்றை வார்த்தையில் சொன்னான். அப்புறம் நிறுத்தாமல் சொன்னான். பாதித் தலை முடிவதற்குள், அந்த ஊரில் தன்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். பெரிய கத்திரி போர்த்திய துணியின் நுனியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். கண்ணாடிக்குள் மொட்டைக் கிழவர், இவர்கள் முதுகு மட்டும் தெரிவதால், வாசலில் அப்படி என்ன இருக்கிறது என்று நாற்காலியை விட்டு எழுந்து எக்கி எக்கிப் பார்த்தார். அவருக்கு எரிந்திருக்கும்தான். இன்றைக்கு ஒரு நாள் எரியட்டும் என்று பெரிய கத்திரி நாற்காலியைத் திருப்பவே இல்லை.

தம்பி விமானம் ஏறினான். நாலாம் நாள் மதியம் கண்ணாடியில் விளக்கு எரிந்தது. அவன் மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, முதல் ஆளை உட்கார வைத்தான். தம்பியின் தலையில் முடி நன்றாகவே வெட்டியிருக்கிறது என்று பெஞ்சில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.