நகர்த்தி ஒட்டிய விதைகள்

கைஃபெங் நகரத்து எலும்பு ஆஸ்பத்திரியில் லுவோ கிழவருக்கு முழங்கால் மாற்றிய மறுநாளே வாந்தி பிடித்துக்கொண்டது. வலி மருந்து ஏற்றினால் குடலே வெளியே வந்துவிடும்போல இருந்தது. ஏற்றாவிட்டால் கால் உயிரை எடுத்தது. அதனால், காதில் அழுத்தி உடம்பு வலியை அடக்கும் பழைய வைத்தியப்படி, நர்ஸ் தியென் குச்சியால் அவர் காது மடலைத் தடவி, அவர் துள்ளிய இடங்களாகப் பார்த்துக் கடுகளவு விதைகளை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

"அழுத்தினா சுருக்குனு வலிக்கணும். அதுதான் சரியான இடம். வலிக்கலைன்னா பிரயோஜனமே இல்ல," என்று கிழவரின் மகள் சூச்சினிடம் சொன்னாள். கிழவர் அப்போது வாளிக்குள் தலையை விட்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை.

சூச்சின் அழுத்தினாள். "கொலைகாரி!" என்று கத்தினார். ஆனால் கால் அடங்கியது. தினைக்கஞ்சி உள்ளே இறங்கியது. தெம்பு வந்ததும் பழைய வாயும் வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டில் கெங் விசாரித்தார். "உங்க பொண்ணுக்கு இடது காது கேக்காதாண்ணே?"

"சின்ன வயசுல காய்ச்சல்."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததற்காக, சிறுமியாக இருந்தவளை அவர் விட்ட அறைதான் அந்தக் காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் கேட்டபோதும் காய்ச்சல், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டபோதும் காய்ச்சல். நான்தான் அடித்தேன் என்று அவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதைத் தவிர அவரிடம் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"காய்ச்சலாப்பா?" என்றாள்.

"பின்ன என்ன? இதே உன் தம்பின்னா பூ மாதிரி அழுத்துவான். நீ பொறந்ததுலேர்ந்தே முரடு."

வார்டு சிரித்தது. சூச்சினும் சிரித்தாள். "பிளாஸ்திரி நனைஞ்சிருக்கு, மாத்திடறேன்," என்று ஒவ்வொரு விதையையும் ஒரு நகக்கண் அளவு நகர்த்தி ஒட்டினாள். பிறகு அழுத்தினாள். கிழவர் துள்ளவில்லை.

"இப்பத்தான் கை பழகியிருக்கு," என்றார்.

"இப்படி ஒரு பொண்ணு கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்," என்றார் கெங்.

மதியம் முழங்காலை மடக்கிவிடும் ஆள் வந்தான். கணுக்காலைப் பிடித்து மடக்கினான். கிழவர் போட்ட அலறலில் வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அழுத்துடி! அழுத்து!"

"அழுத்திக்கிட்டுத்தான இருக்கேன்." பூ மாதிரிதான் அழுத்தினாள்.

"இன்னும் மடங்கணும் தாத்தா, பல்லைக் கடிச்சுக்கோங்க," என்றான் அந்த ஆள்.

அவள் குனிந்து கேட்டாள். "காய்ச்சலாப்பா?"

கிழவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. "இல்ல... நான்தான். கஞ்சிக்காக நான்தான் அடிச்சேன். விட்டுருடி, ஏதாவது பண்ணு!"

இந்தச் சொல் வந்தால் அழுதுவிடுவோம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. இன்னும் வேண்டும்போல இருந்தது. விரலை அதே உதவாத இடத்தில் வைத்து, மெதுவாக அழுத்தினாள்.

"சத்தமாச் சொல்லுங்கப்பா. கெங் மாமாவுக்குக் கேக்கல."