ஹாலுக்கு நடுவே ஒரு சுவர்

ஆம்பூரில் அப்துல் ஹமீது கட்டிய புது வீட்டின் வாசலில் நின்றால் அடுப்பில் கொதிக்கும் குழம்பு வரைக்கும் தெரியும். எழுபத்து நான்காம் வருஷம் ஊரே வந்து அந்த அதிசயத்தைப் பார்த்துவிட்டுப் போனது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, நான்கு உருண்டைத் தூண்கள், நடுவில் ஒரு சுவர்கூடக் கிடையாது. ஆண்களுக்கு முன்கட்டு, பெண்களுக்குப் பின்கட்டு என்று ஹமீது வரைபடத்தில் போட்டுக் காட்டிய கோட்டை, மெட்ராஸ் ஆர்க்கிடெக்ட் சம்பத் ரப்பரால் அழித்துவிட்டார். "பொம்பளைங்கள செவுத்துக்குப் பின்னால வெக்கிற காலம் போய்டுச்சு சார். காத்து, வெளிச்சம், எல்லாருக்கும் ஒரே இடம். இப்ப உலகமே இப்டித்தான் கட்டுது" என்றார். ஹமீதுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த எல்லாரில் ஒருத்தியான அவர் மனைவி ஜஹீருன்னிசாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பழைய வீட்டில் தோல் வியாபாரிகள் வந்தால் சுவரோரம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பாள். அழுகின தோலை எவனாவது தலையில் கட்டப் பார்த்தால் வளையலைக் குலுக்குவாள். ஹமீது பேச்சை மாற்றிவிடுவார். அவர்கள் வியாபாரம் அந்தச் சத்தத்தில்தான் நடந்தது. இப்போது வெளியாள் வந்தால் கோடியில் இருக்கும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். காற்றாம், வெளிச்சமாம். நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பேரணாம்பட்டில் அவளுடைய அப்பா மருமகன் பேரில் விட்டுப்போன தோல் பதனிடும் டேனரியை விற்க ஹமீது பேசி முடித்திருந்தார்.

"ஜும்மா முடிஞ்சு வாங்குறவர கூட்டினு வரேன். அவருக்கும் இதே மாதிரி வீடு வேணுமாம், சம்பத்தும் வர்றாரு."

"எங்கப்பா ரத்தம் சிந்தி ஒழைச்ச எடம் அது. எங்கிட்ட கேக்கணும்னு தோணலியா?"

"வந்து பேசிக்கலாம். நீ ரூமுல இரு."

அவர் பள்ளிவாசலுக்குக் கிளம்பியதும் ஜஹீருன்னிசா வெளியே வந்தாள். வீடு கட்டி மிஞ்சிய செங்கல் காம்பவுண்டு ஓரம் கிடந்தது. சுமந்தாள். புடவையெல்லாம் செம்மண்ணானது. நகம் பெயர்ந்தது. நிறுத்தவில்லை.

மூன்று பேரும் வந்தபோது சம்பத் வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு தூண்களுக்கு நடுவே, இடுப்பளவுக்கு, சாந்தில்லாமல் கோணலாகச் செங்கல் அடுக்கியிருந்தது.

"யாரு சார் இது? டிசைனே போச்சு."

"நான்தான்" என்றாள், அதற்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஜஹீருன்னிசா. "செவுரு இருந்தப்ப பாதி வீடு என்னுது தம்பி. எனக்கு விடுதலை குடுக்குறேன்னு ஒரே ரூமுல தள்ளிட்டீங்க. படம் போட்டப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ஹமீது அசட்டுச் சிரிப்புடன், டேனரியை வாங்க வந்தவரை சோபாவில் உட்கார வைத்தார். அவர் ஒப்பந்தத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். ஹமீது மூடியைத் திருகினார்.

சுவருக்கு மேலே ஒரு கை எழுந்து, இன்னொரு செங்கல்லை வைத்தது. வளையல் குலுங்கியது.

பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது.