ஹெல்மஸ்தாலுக்கு ஒரு வரவேற்பு வளைவு

திருச்செந்தூர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜெப்ஸியின் கண்ணில் பட்டது வளைவுதான். பிளைவுட்டில் கோபுரம், சிவப்புக் கூரை, ஓடாத கடிகாரம். உச்சியில் ‘ஹெல்மஸ்தால் விருந்தினர்களே வருக’. எல்லாம் இருந்தது. வளைவுக்குப் பின்னால் நிற்க வேண்டிய வேபர் ஐயர் வீடு மட்டும் இல்லை.

ஜெப்ஸி நர்ஸ். ஜெர்மன் படித்துத் தேறியவள். ஹெல்மஸ்தால் என்ற அந்தச் சின்ன ஜெர்மன் ஊரின் ஆஸ்பத்திரியில் சீக்கிரமே வேலைக்குச் சேரப்போகிறவள். வேபர் ஐயர் அங்கே பிறந்து, இந்தக் கரைக்கு வந்து சபை கட்டி, இங்கேயே செத்துப்போன மிஷனரி. சிப்பிச் சுண்ணாம்பில் உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றி அவர் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது என்று அந்த ஊர்ப் பாரம்பரியச் சங்கத்துக்கு எழுதியவள் இவள்தான். வாருங்கள், காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவளும் இவள்தான். தூத்துக்குடியில் வேலையாக இருந்துவிட்டு, விருந்தினர் வரும் நாளில்தான் ஊருக்கு வந்திருக்கிறாள்.

சபையின் சேகரச் செயலர் பொன்னுதுரை பந்தலில் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, வீடு எங்க?”

“எடுத்தாச்சு. வெளிநாட்டுக்காரவ வாரப்ப காரை பேந்த வீட்டயா காட்டுவாவ? அசிங்கம்லா. அந்த எடத்துல வேபர் ஐயர் நினைவு மண்டபம் வருது.”

“அந்த வீட்டப் பாக்கத்தான அவங்க வாராங்க.”

“மண்டபத்துல வீட்டு போட்டோ மாட்டுவோம்ளா.”

ஜெப்ஸிக்குக் காது மடல் கொதித்தது. “அந்த ஊர்ல சன்னலுக்கு வேற கலர் அடிக்கணும்னாகூட அனுமதி கேக்கணும், பெரியப்பா. கோபுரத்துல பீரங்கிக் குண்டு போட்ட ஓட்டய இன்னும் அப்படியே வச்சிருக்காங்க. பக்கத்துல பலக வச்சு, எந்தச் சண்டையில விழுந்ததுன்னு எழுதியிருக்காங்க.”

“பூச ஆள் கெடைக்கலையாக்கும்,” என்றார் பொன்னுதுரை, உண்மையான அனுதாபத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஏளா, கேட்டா புயல்ல விழுந்துட்டுன்னு சொல்லிரு. ஒங்க அப்பா வேல பாக்குத பள்ளிக்கூடம் நம்ம கமிட்டி பள்ளிக்கூடம். பாத்துப் பேசு.”



விருந்தினர்கள் வந்தார்கள். கழுத்துகளில் மாலை விழுந்தது, பாடகர் குழு கீர்த்தனை பாடியது. தங்கள் ஊரின் கோபுரத்தைப் பிளைவுட்டில் பார்த்து அவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். பொன்னுதுரை மைக்கைப் பிடித்தார்.

“எங்க சபை பாரம்பரியத்த உயிரா நெனைக்கிற சபை.” மொழிபெயர்க்கும்படி ஜெப்ஸியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் ஜெர்மனில் சொன்னாள்: “வீடு இல்லை. உங்களை வரவேற்பதற்காக இவர்கள்தான் இடித்தார்கள். கேட்டால் புயல் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் இவர்.”

பொன்னுதுரை விருந்தினரைப் பார்த்துக் கைகூப்பினார். யாரும் திருப்பிக் கும்பிடவில்லை. சங்கத் தலைவி பிரிகிட்டே அம்மாள் மட்டும் மெதுவாக ஏதோ கேட்டாள்.

ஜெப்ஸி மைக்கை வாங்கிக்கொண்டாள். ஊருக்கே கேட்கட்டும்.

“வீட்டுக் கல்லெல்லாம் எங்கன்னு கேக்காங்க, பெரியப்பா. புயல்னு நான் சொல்லல. நீங்க இடிச்சீங்கன்னு சொல்லிட்டேன். அப்பாவ என்ன செய்யணுமோ செஞ்சுக்கிடுங்க.”

மூன்றாவது வரிசையில் அவளுடைய அப்பா வெறுமனே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுதுரை மைக்கைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அதற்குள் வீட்டை இடித்த ஒப்பந்தக்காரர் சத்தியராஜ், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது தன் கடமை என்று எழுந்தார்.

“கல்லு எங்கயும் போகல, தங்கச்சி. பந்தலுக்குத் தரை பள்ளமா இருந்துச்சு. அதத்தான் ஒடச்சுக் கொட்டி இறுக்கிருக்கோம். அவங்க நிக்கது அது மேலதான்.”

ஜெப்ஸி அதை ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னாள்.

விருந்தினர் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் ஒரு காலைத் தூக்கினார். வைக்க வேறு இடம் தெரியாமல், அதே இடத்தில் வைத்தார்.